இன்னும் படாத இடம்

அவருடைய வலது கைப் பெருவிரலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நகம் அகன்று, தேக்கரண்டியின் குழி போல இருக்கும். ஊரில் பதினைந்து வருடம் வான் வண்டி இருக்கைகளுக்கும் தியேட்டர் கதிரைகளுக்கும் குஷன் தைத்த விரல் அது. அந்த விரலால் ஆளின் தோளிலோ முழங்காலிலோ மெல்ல ஊன்றி ஊன்றிப் போவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். நிமிர்ந்து பார்த்து, "இதில எப்ப பட்டது?" என்று கேட்பார்.

பட்டதா என்று கேட்கமாட்டார். எப்போது என்றுதான் கேட்பார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருக்கு மனைவி இருக்கிறா, மகள் இருக்கிறாள். இதை அவர்கள் வாசித்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தே பல வருடம் எழுதாமல் இருந்துவிட்டேன். யோசிப்பதுதான் என் வியாதி. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு யோசிக்க எங்கிருந்து இவ்வளவு வருகிறது என்று என் மனைவியே கேட்பா.

நாங்கள் இருவரும் ஜேர்மனியில், வுப்பர்டாலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், அகதிகளுக்கென்று ஒதுக்கிய ஹைம் என்கிற விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். எண்பத்தைந்தாம் ஆண்டு. அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு வந்தவர்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் எங்களுக்கு உதவிப்பணம் தருகிற சோசியல் கந்தோர் எழுதிக் கொடுத்தால் நகரசபையின் பொதுவேலைக்குப் போகலாம். எங்கள் அறையில் மூன்றாமவனான சிவத்துக்குச் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே இலை கூட்டுகிற வேலை கிடைத்தது. எங்கள் இருவரின் பங்கில் வந்தது ஐஸ் சறுக்கு மண்டபம். எனக்கு உடை மாற்றும் அறைகளைக் கழுவி, ஐஸ் தரையின் ஓரத்தில் சேரும் பனித்தூளைத் தள்ளுகிற வேலை. அவருக்குச் சாமான் அறை.

சாமான் அறை பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. யன்னல் இல்லை. மேலே ஆட்கள் நடந்தால் கூரை தட்டும். தோள்கவசம், முழங்கைக் கவசம், கனத்த அரைக்காற்சட்டை, தலைக்கவசம் எல்லாம் சுவர் நெடுகக் கொளுவிகளில் தொங்கும். காயாத வியர்வையின் புளித்த மணம். முதல் நாள் விளக்கைப் போட்டபோது இருபது பேர் சுவரில் சாய்ந்து எங்களுக்காகக் காத்து நிற்கிற மாதிரி இருந்தது. தலை இருந்தவர்களுக்கு முகம் இல்லை. நான் வாசலிலேயே நின்றேன். அவர் உள்ளே போய், ஒவ்வொன்றின் தோளிலும் கையை வைத்து, அறிமுகமானவர்களைப் போல ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எல்லாரும் அடி வாங்கினவை," என்றார்.

அந்தச் சாமான்கள் ஒரு பழைய லீக் அணியுடையவை. அணி கலைந்த பிறகு மண்டபத்தில் தங்கிவிட்டன. அவற்றைப் போட வந்தவர்களோ ஞாயிறு காலையில் மட்டும் ஐஸ் ஹொக்கி ஆடுகிற நடுவயதுக்காரர்கள். வயிறு வைத்தவர்கள், மூட்டு நோகிறவர்கள், இளமையில் ஆட நேரம் கிடைக்காதவர்கள். அணியின் கப்டன் ஒரு பேக்கரிக்காரர். இருபது வயதுப் பெடியன்களுக்கு வெட்டின கவசத்தை இவர்களுக்குப் போட்டால் தோள் மிதக்கும், இடுப்பு இறுக்கும், கையுறைக்கும் முழங்கைக் கவசத்துக்கும் இடையில் நாலு விரல் கை வெறுமையாய்க் கிடக்கும். அந்த நாலு விரல் இடைவெளியில்தான் தடி வந்து விழும்.

அவர் அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். யாரும் கேட்கவில்லை. அவருடைய வேலை சாமானை எண்ணி அடுக்குவது மட்டும்தான். ஆனால் அளவு பிழைத்த ஒரு பொருளைப் பார்த்தால் அவரால் சும்மா இருக்க ஏலாது. பழைய கார் உடைக்கிற இடத்திலிருந்து இருக்கைத் தோல் எடுத்து வந்து, தேய்ந்த கையுறைகளுக்கு உள்ளங்கை வைத்துத் தைத்தார். முழங்கால் சில்லில் இருந்து சறுக்குச் சப்பாத்தின் நாக்கு வரை நூல் பிடித்து, காற்கவசத்தின் பட்டியை அவிழ்த்து மேலே ஏற்றினார். ஒருவர் தன் சறுக்குச் சப்பாத்துக்குள் இரண்டு சோடி கம்பளிக் காலுறை போட்டு வந்ததைக் கண்டு, வாயில் குண்டூசியோடு சிரித்தார்.

"சந்தைக்குப் போற சப்பாத்து வாங்கிற மாதிரி வாங்கியிருக்கிறார். இது காலைக் கவ்விப் பிடிக்க வேணும். ஒரு அளவு சின்னதா எடுக்கச் சொல்லும்."

நான் சொன்னேன். எனக்கு ஜேர்மன் அவரைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும். அந்த ஆள் அடுத்த கிழமை சின்னச் சப்பாத்தோடு வந்து, கணுக்கால் ஆடாமல் முதன்முறையாக வலப்பக்கம் திரும்பினார். திரும்பியதும் மண்டபத்தின் அந்தக் கரையிலிருந்து இவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். இவர் ஐஸ் தரையின் வாசலில், றப்பர் விரிப்பின் மேல் நின்றபடி தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு குளிர்காலம் அங்கே வேலை செய்தும் அவர் ஒருநாளும் ஐஸில் கால் வைத்ததில்லை.

பேக்கரிக்காரருக்குக் கையுறை பார்த்தபோதுதான் அந்தக் கேள்வியை முதலில் கேட்டேன். கையுறைக்குள் பேக்கரிக்காரரின் பெருவிரலை இவர் அமத்திப் பார்த்துவிட்டு, "இதில எப்ப பட்டது எண்டு கேளும்," என்றார்.

நான் கேட்டேன். பேக்கரிக்காரர் சிரித்தார். அதில் ஒன்றும் பட்டதே இல்லை என்றார். இவர் கையுறையின் பெருவிரலுக்குள் தடித்த கம்பளி ஃபெல்ட்டில் ஒரு சிறிய துண்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு பேக்கரிக்காரர் ஒரு பை நிறையப் பாணோடு சாமான் அறைக்கு வந்தார். தன் தாயிடம் தொலைபேசியில் கேட்டாராம். நாலு வயதில் அடுப்படிக் கதவில் அந்த விரல் நசிந்து நகம் கழன்றதாம்.

"எப்பிடி அண்ணை தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆளைக் கேக்காதையும். சாமானைப் பாரும்," என்றார். அது அவருடைய வழக்கமான பேச்சு. பிறகு கையுறையைக் கழற்றிக் காட்டினார். மற்ற விரல்களில் தோல் தேய்ந்திருந்தது, பெருவிரலில் தேயவில்லை. "தடியை இந்த விரலால இறுக்கிப் பிடிக்கிறேல்லை. பயம் விரலுக்கை கிடக்கு. ஆளுக்குத் தெரியாது."

இந்த விளக்கம் எனக்குப் பெரிய ஆறுதல். அப்படியென்றால் இது தொழில். நாங்கள் அறியாத ஒரு தொழில், அவ்வளவுதான். அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

பஸ் சாரதி வரும்வரைதான் அந்த ஆறுதல். நீண்ட காலுள்ள மனிதர், எதற்கும் சிரிப்பார். புதிதாக அணியில் சேர்ந்திருந்தார், சறுக்கப் பழகியே சில மாதம்தான். காற்கவசம் கொடுக்கும்போது இவருடைய விரல் அவருடைய இடது முழங்காலின் வெளிப்பக்கத்தில் நின்றது. எப்போது பட்டது என்று நான் மொழிபெயர்த்தேன். ஒருநாளும் இல்லை என்றார் சாரதி. சின்ன வயதிலும் இல்லை, தாயிடம் கேட்கவும் தேவையில்லை, அந்த முழங்கால் பிறந்த மாதிரியே இருக்கிறது என்றார்.

இவர் விரலை எடுக்கவில்லை. இவருக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்கள் நூறு இருக்கும். என்னைக் கேட்காமல் அதிலிருந்து தானே இரண்டை எடுத்துச் சொன்னார்.

"இன்னும் இல்லை."

சாரதி அதற்கும் சிரித்தார். ஆனால் நான் கவசத்தைப் பார்த்தேன். அது சாரதி அதுவரை போடாத கவசம். அதில் அவருடைய வியர்வையும் இல்லை, தேய்வும் இல்லை. பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

உள்ளங்கை அளவு ஃபெல்ட்டை அந்த இடத்தில் தைத்துக் கொடுத்தார். அது காற்சட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது என்று சாரதி மூன்றாம் கிழமை கத்தியால் வெட்டி எடுத்துவிட்டார். அந்தத் துண்டை நான்தான் குப்பை வாளியில் கண்டு எடுத்து வைத்தேன். அதற்கடுத்த ஞாயிறு, யாரும் அவரை மோதவில்லை, தானாகவே வழுக்கிப் போய்ச் சுற்றுப் பலகையில் இடித்தார். இடது முழங்கால், வெளிப்பக்கம். இரண்டு பேர் தாங்கிக்கொண்டு சாமான் அறை வாசலால் அவரைக் கொண்டுபோனார்கள். அவர் அப்போது சிரிக்கவில்லை. இவரைப் பார்த்த பார்வையில் நோவை விட வேறு ஏதோ இருந்தது.

இவர் தலை நிமிரவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "அந்த ஃபெல்ட் துண்டை எடுத்து வைச்சனீரெல்லோ. தாரும். வேற ஆருக்கும் உதவும்."

அதன்பிறகு அணி இரண்டாகப் பிரிந்தது. சிலர் ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டத்துக்கு முன் வந்து, சட்டையைத் தூக்கி, தோளைக் காட்டி நின்றார்கள். அவரை டொக்டர் என்று கூப்பிட்டார்கள். சிலர் தங்கள் சாமானை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள், அவருடைய கை படாமல். ஃபெல்ட் வைத்த இடத்தைத் தேடித்தான் அடி வருகிறது என்று ஒருவர் சொன்னதை நான் கழுவும் அறையில் நின்று கேட்டேன். பேக்கரிக்காரர் என்னைக் கூப்பிட்டு, மிக மரியாதையாக, இனிமேல் கேள்வி கேட்காமல் தைக்கச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். விரல் நின்ற இடத்தில் சோக்கட்டியால் போடுகிற அடையாளத்தையும் உள்பக்கத்தில் போட்டால் நல்லது என்றார்.

நான் இதைச் சொன்னபோது அவர் ஓம் என்றார்.

ஹைமில் சிவத்துக்கு இது பெரிய பகிடி. சமையலறையில் பருப்பைக் கிண்டிக்கொண்டே கையை நீட்டுவான்.

"அண்ணை, எனக்கும் ஒருக்கா அமத்திப் பாருங்கோ. அசூல் கிடைக்குமோ எண்டு சொல்லுங்கோ."

"அது உம்மட உடம்பில இல்லை தம்பி. கந்தோரில பைலுக்கை கிடக்கு."

"அப்ப பைலை அமத்திப் பாருங்கோவன்."

"பைலுக்கு அளவு வேற."

சிவத்துக்கு இன்னொரு பகிடியும் இருந்தது. எனக்கும் அவருக்கும் ஒரே உயரம், ஒரே தோள், ஒரே இடுப்பு. தேவாலயத்தில் கொடுத்த குளிர் கோட்டு எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். மாறி மாறிப் போடுவோம். துவைத்துக் காய்ந்த சேட்டுகளில் எது யாருடையது என்று நாங்கள் பார்ப்பதே இல்லை. "பின்னால பாத்தா ரெண்டு பேரும் ஒண்டு. கடன்காரன் வந்தா ஆரைப் பிடிக்கிறது?" என்பான் சிவம். அதனால் எனக்கு ஏதாவது தைக்க வேண்டுமென்றால் அவர் என்னைக் கூப்பிடுவதே இல்லை. தானே போட்டுப் பார்த்து முடித்துவிடுவார்.

எண்பத்தாறு கடைசியில் கோல் காப்பவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பேக்கரிக்காரர் என்னிடம் வந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து நான் சறுக்கப் பழகியிருந்ததை அவர் கண்டிருந்தார். ஓடத் தேவையில்லை, நின்றால் போதும் என்றார்.

எனக்கு ஊரில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். என் வழக்கு முடியவில்லை. கை முறிந்தால் யார் பார்ப்பது, கண்ணில் பட்டால் என்ன செய்வது, வைத்தியசாலைக்குப் போனால் சோசியலில் என்ன கேட்பார்கள். மாட்டேன் என்று சொல்லவே வாயைத் திறந்தேன். அதற்குள் இன்னொரு யோசனை வந்தது. மாட்டேன் என்று சொன்னால் இந்த ஆள் ஒத்துழைப்பதில்லை என்று யாராவது எழுதிவிட்டால்? அந்தப் பயம் இந்தப் பயத்தை வென்றது. ஓம் என்று சொல்லிவிட்டேன். பேக்கரிக்காரர் அப்படியெல்லாம் எழுதுகிற மனிதரே இல்லை என்பது இன்றைக்குத் தெரிகிறது.

கோல் காப்பவரின் சாமான் பெரிய சுமை. தலையணை போன்ற காற்கவசங்கள், முகத்துக்குக் கம்பிக் கூடு, பந்துக்குப் பதிலாக வருகிற றப்பர் வட்டைப் பிடிக்க இடக்கையில் அகன்ற கையுறை, வலக்கையில் தடி. நெஞ்சுக்கவசம் பழைய ஆளுக்குச் செய்தது, அவர் என்னைப்போல இரண்டு மடங்கு. வார்களை இறுக்கினாலும் பக்கவாட்டில் விலகியது. இடக்கையைப் பிடிப்பதற்கு உயர்த்தினால் இடப்பக்க விலா வெளியே தெரியும். அதற்கு அண்ணை கண்டுபிடித்த வழி, நெஞ்சுக்கவசத்துக்குள்ளே போடும்படி கையில்லாத ஒரு உள்சட்டை. தடித்த பருத்தித் துணி, இடையில் மெல்லிய இருக்கை ஸ்பொஞ்ச்.

அன்று நான் ஐஸ் ஓரத்துப் பனித்தூளைத் தள்ளி முடித்து, கையுறையைக் கழற்றிக்கொண்டு சாமான் அறைக்கு வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் அவர் எனக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். கண் மூடியிருந்தது. இடக்கை, வட்டைப் பிடிக்கிற மாதிரி மேலே தூக்கியிருந்தது. வலது பெருவிரல் விலாவின் மேல் ஒவ்வொரு எலும்பாக இறங்கியது. கடைசி எலும்பையும் தாண்டி ஒரு விரற்கடை கீழே போய் நின்றது.

நின்றதுதான். எடுக்கவில்லை. மேலே யாரோ படிக்கட்டில் நடந்தார்கள், கூரை தட்டியது, கொளுவியில் ஒரு தலைக்கவசம் மெல்ல ஆடியது. அவருடைய முகத்தில் இருந்து இரத்தம் இறங்கினதைக் கண்ணாடியில் கண்டேன்.

பிறகு சோக்கட்டியை எடுத்து அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"எனக்கு அதில ஒண்டும் பட்டதில்லை அண்ணை," என்றேன் வாசலில் நின்று.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார், அன்றுதான் முதலில் காண்கிறவர் போல.

"ஓம்," என்றார். "இன்னும் இல்லை."

அந்த வட்டத்துக்கு அவர் செய்தது போல வேறு எதற்கும் செய்யவில்லை. பஸ் சாரதியின் ஃபெல்ட், அதன் மேல் உடைந்த காற்கவசத்தில் இருந்து வெட்டிய பிளாஸ்ரிக் தகடு, அதன் மேல் இருக்கைத் தோல், மறுபடி ஃபெல்ட். இரண்டு நாள் எடுத்தது. நான் தயங்கித் தயங்கிப் பேக்கரிக்காரரிடம் காட்டினேன். கோல் காப்பவருக்கு அந்த இடம்தான் திறந்து கிடக்கும், டொக்டர் புத்திசாலி என்றார் அவர். அது சரியான விளக்கம். அதை நான் நம்ப எவ்வளவோ முயன்றேன்.

ஆடினேன். நெஞ்சில் பட்டது, தொடையில் பட்டது, முகக்கம்பியில் பட்டு ஒரு மணி நேரம் காது கூவியது. வட்டத்தில் படவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, ஒரு குளிர்காலம் முழுவதும். ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் மற்றவர்கள் எத்தனை கோல் என்று பேசுவார்கள், நான் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன். படாமல் போகப் போகத்தான் பயம் கூடியது. ஐஸில் வராத அடி வேறெங்கோ நிற்கிறது என்றுதானே அர்த்தம்?

அதனால் சட்டையைக் கழற்றாமல் விட்டேன். முதலில் பஸ் நிலையத்துக்குப் போகும்போது மட்டும். அங்கே வெளிநாட்டவரைக் கண்டால் அடிக்கிற மொட்டைத்தலைப் பெடியன்கள் நிற்பார்கள். பிறகு சோசியலுக்கு. பிறகு அசூல் விசாரணைக்கு. ஏழு கேள்விக்கு நான் தடுமாறியதற்கு அந்தச் சட்டையின் புழுக்கமும் காரணம். கடைசியில் படுக்கும்போதும் போட்டேன்.

"என்னப்பா இது, புறோய்லர் கோழி மாதிரி நெஞ்சை நிமித்திக்கொண்டு படுக்கிறீர்," என்பான் சிவம். "வட்டு ஹைமுக்கையும் வருதோ?"

அவர் சிரிக்கமாட்டார். சனிக்கிழமைகளில் என்னை நிற்கச் சொல்லி, சேட்டுக்கு மேலாலேயே அந்த இடத்தில் பெருவிரலால் ஒருமுறை அமத்துவார். தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறாராம். அவ்வளவுதான்.

கண்ணாடி முன்னால் நின்ற அந்த நாளுக்குப் பிறகு அவர் வேறு யாரையும் விரலால் ஊன்றிப் பார்க்கவில்லை. கேட்டு வந்தவர்களையும் கையால் காட்டி அனுப்பிவிட்டார். பட்டி மாற்றுவார், தோல் தைப்பார், தடியின் நீளத்தை நாடி மட்டத்தில் வைத்து வெட்டிக் கொடுப்பார். எப்போது என்ற கேள்வி போய்விட்டது. இன்னொரு பழக்கம் வந்தது. சுடுதண்ணிப் போத்தலின் மூடியில் ஊற்றிய இஞ்சித் தேத்தண்ணியைக் குடிக்கும்போது இடக்கை விலாவின் மேல் கிடக்கும். குளிருக்கு என்றுதான் நினைத்தேன். இவ்வளவு யோசிக்கிறவன் அதை யோசிக்கவில்லை.

எண்பத்தேழு ஆடியில் ஊரில் சமாதானம் என்று வானொலி சொன்னது. ஹைமில் சிலர் அழுதார்கள், சிலர் நம்பவில்லை. அவர் இரண்டு நாள் வானொலியை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் திரும்பிப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"கொஞ்சம் பொறுத்துப் பாத்துப் போங்கோவன் அண்ணை."

"மகளுக்கு ஏழு வயசு. நான் வரேக்கை நாலு. படத்திலதான் என்னைத் தெரியும் அவளுக்கு. இதில நிண்டு நான் ஆரோ ஒருத்தற்றை முழங்காலுக்கு ஃபெல்ட் வெட்டிக்கொண்டு நிக்கிறன்."

அவரை அனுப்ப நான் மட்டும்தான் ரயில் நிலையத்துக்குப் போனேன். ஆவணி மாதத்து முற்பகல். ஆட்கள் அரைக்கைச் சேட்டோடு நின்றார்கள். நான் அந்தக் குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். இனி அது எனக்கு மட்டும்தான் என்று அவர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். கோட்டுக்குள்ளே உள்சட்டை. முதுகால் வியர்வை ஓடியது.

ரயில் வரப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த உள்சட்டை எங்க?"

"ஏன் அண்ணை?"

"ஒண்டுமில்லை. எனக்கும் அளவுதானே. போற வழிக்குப் போட்டுக்கொண்டு போவம் எண்டு பாத்தன். நீர் இனி ஆவணி, புரட்டாசியில ஆட மாட்டீர். உமக்கு நான் தையல் அளவை எழுதி அனுப்புறன், இங்கை ஆரிட்டையும் குடுத்துத் தைக்கலாம்."

அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதுவரை இல்லை, அதுதான் முதல் முறை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்தச் சட்டையைக் கழற்றின மறுநிமிடம் அந்த அடி வரும். நிலையத்தை விட்டு வெளியே போவதற்குள் வரும். இரண்டு பெண் குழந்தைகள் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அது மண்டபத்தில பூட்டிக் கிடக்கு அண்ணை," என்றேன். "திறப்பு பேக்கரிக்காரரிட்ட."

அவர் தலையை ஆட்டினார். ரயில் வந்தது. பையைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி என்னைக் கட்டிப்பிடித்தார். நாங்கள் அப்படிக் கட்டிப்பிடிக்கிற ஆட்கள் இல்லை. அவருடைய வலக்கை என் முதுகால் சுற்றி, இடப்பக்க விலாவுக்கு வந்தது. கோட்டுக்கு மேலாலே, பெருவிரல் வட்டத்தின் நடுவில் நின்று ஒருமுறை அமத்தியது. சனிக்கிழமைகளில் அமத்துகிற மாதிரி.

நான் மூச்சு விடவில்லை.

"தையல் விடேல்லை," என்றார் என் காதுக்குப் பக்கத்தில். "அளவாத்தான் இருக்கு. நீர் போட்டுக்கொண்டிரும்."

கதவு சாத்தியது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் இருக்கை தேடிப் போகிற முதுகைப் பார்த்தேன். என் முதுகை நான் கண்டதில்லை. அது அப்படித்தான் இருக்கும்.

ஐப்பசியில் ஊரில் மறுபடி சண்டை. கடிதம் நின்றது. மாசியில் சிவத்துக்குக் கொழும்பில் இருந்து வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அவர் பீரங்கிச் செல்லின் துண்டு பட்டு இறந்துவிட்டார், கார்த்திகையிலேயே. சிவம் அதை வாசித்துவிட்டு அடுப்பை நிறுத்தினான். அன்று யாரும் சமைக்கவில்லை.

நான் அவருடைய மனைவிக்குக் கடிதம் எழுதினேன். ஆறுதல் சொல்ல வேண்டிய கடிதம். எழுத வேண்டியதெல்லாம் எழுதி முடித்து, கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன். வெட்டினேன். வேறு தாளில் முழுவதையும் மறுபடி எழுதி, அந்த வரியையும் எழுதி, யோசிக்காமல் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன். தாலியைக் கழற்றிய ஒரு பெண்ணிடம் நான் கேட்டது, அண்ணைக்கு எங்கே பட்டது என்று.

வைகாசியில் பதில் வந்தது. அடக்கமான எழுத்து. என் மனைவி பிள்ளைகளைச் சுகம் விசாரித்திருந்தா. மகள் படிக்கிறாள் என்று எழுதியிருந்தா. கடைசியில்:

"நீங்கள் கேட்டது. இடப்பக்கம், விலாவுக்குக் கீழே. பெரிய காயம் இல்லை, சின்னத் துண்டுதான். தடிச்ச உடுப்பு ஏதும் போட்டிருந்தால் உள்ளுக்குப் போயிராது எண்டு சொன்னவை. ஏன் கேட்டனீங்கள்?"

வாசித்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் கண்ணாடி ஞாபகம் வந்தது. பாதி திறந்த கதவு, மூடின கண், எலும்பு எலும்பாக இறங்குகிற விரல். அவர் அன்று ஊன்றிப் பார்த்தது என் விலாவை இல்லை. நான் வாசலில் நின்றேன். சட்டைக்குள்ளே இருந்தது அவருடைய உடம்பு.

அதை அவர் எப்போது விளங்கிக்கொண்டார் என்பதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது. அன்றே கண்ணாடியிலா? தேத்தண்ணியோடு விலாவைப் பிடித்துக்கொண்டு இருந்த நாட்களிலா? அல்லது ஒன்றுமே விளங்காமல், நீண்ட பயணத்துக்கு ஒரு தடித்த சட்டை என்று மட்டும்தான் கேட்டாரா? எதுவானாலும், அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் மாறாது. என் கோட்டுக்குள் அது இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் போட்டுக்கொண்டிரும் என்றார்.

அவருடைய மனைவிக்கு நான் பதில் எழுதவில்லை.

எனக்கு அந்த இடத்தில் இன்றுவரை ஒன்றும் படவில்லை. அசூல் கிடைத்தது. குடும்பம் வந்தது. வீடு மூன்று முறை மாறினோம். ஒவ்வொரு முறையும் அந்தச் சட்டையை ஒரு பையில் சுற்றி அலுமாரியின் அடியில் வைத்தேன். நான் பருத்துவிட்டேன். ஒருமுறை யாருமில்லாத நேரம் போட்டுப் பார்த்தேன். நெஞ்சைத் தாண்டி இறங்கவில்லை. வட்டம் அக்குளுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

போன கிழமை மனைவி அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அதை எடுத்து விரித்துப் பிடித்தா. அந்தத் தடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தா.

"இதென்ன, ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி? உங்களுக்கு வராதே இது. ஆருக்குத் தைச்சது?"

வட்டு, கோல், குளிர்காலம் என்று சொல்ல ஒரு பதில் எப்போதும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அது வரவில்லை.

"அதைக் குப்பையில போடாதையும்," என்றேன். "ஆள் கேட்டவர். நான் குடுக்கேல்லை."